ஆடி மாதத்தில் ஒரு கோடைப் பயிற்சி: எதற்கு விண்ணப்பிப்பது?

பல்கலைக்கழக மாணவர்களுக்கான பன்னாட்டுக் கோடைக்காலத் தலைமைப் பயிற்சிகள் இன்று ஏராளம். சில முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டு அழைக்கின்றன. சில லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கின்றன. விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்: பச்சைப் புல்வெளி, பல நாட்டு முகங்கள், சிரிப்பு. மாணவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஊரையும் வைத்தே முடிவு செய்கிறார்கள். என் கணக்கில் அவை கடைசியாகப் பார்க்க வேண்டியவை. முதலில் பார்க்க வேண்டியது செலவு யாருடையது என்பது. அடுத்தது, அதே மனிதர்களோடு எத்தனை நாள் இருக்கப்போகிறீர்கள் என்பது.

பணம் ஓர் அறக்கட்டளையுடையது என்றால், யாருக்காகச் செலவழிக்கிறோம் என்பதை அது துருவிப் பார்த்துத்தான் ஆள் எடுக்கும். குழு சிறியதாக இருக்கும், நன்றாக வேலை வாங்குவார்கள், ஊர் திரும்பி என்ன செய்தாய் என்று பிறகும் விசாரிப்பார்கள். பணம் உங்களுடையது என்றால் நீங்கள் வாடிக்கையாளர். வாடிக்கையாளரை யாரும் கடிந்துகொள்வதில்லை. நாட்களைக் கணக்கில் எடுப்பதற்குக் காரணம் வேறு. முதல் மூன்று நான்கு நாள் எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். இரண்டாம் வாரத்தில்தான் யார் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, யார் மற்றவரைப் பேசவிடுவதில்லை, யார் வேலையைத் தட்டிக்கழிக்கிறார் என்பதெல்லாம் வெளியே வரும். அந்த மனத்தாங்கலைத் தீர்க்கக் கற்றுக்கொள்வதுதான் உண்மையான பயிற்சி. நான்கு நாள் மாநாட்டில் அதற்கு இடமே இல்லை, ஏனென்றால் சண்டை தொடங்குவதற்குள் எல்லோரும் விமான நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இந்த இரண்டு அளவுகோல்களிலும் முன்னால் நிற்பது கலிபோர்னியாவில் சான் டியேகோ பல்கலைக்கழகத்தில் நடந்துவரும் ஹான்சன் தலைமைப் பயிற்சி. ஃபிரெட் ஜே. ஹான்சன் அறக்கட்டளையின் பணத்தில் நடப்பது. ஜூலை மாதத்தில் மூன்று வாரம். 20 முதல் 25 வயதுக்குள் இருக்கும் மாணவர்கள், அமெரிக்கர்களையும் சேர்த்துச் சுமார் இருபது பேர். விமானக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அறக்கட்டளையின் பொறுப்பு. பேச்சுவார்த்தை நடத்துவது, மோதலைத் தணிப்பது, சமூகப் பணி ஒன்றைத் திட்டமிட்டுத் தொடங்குவது ஆகியவைதான் பாடத்தின் மையம். போரிலிருந்து மீண்டுவரும் நாடுகளிலிருந்தும் வளரும் நாடுகளிலிருந்தும் வருகிறவர்களை விரும்பி எடுக்கிறார்கள். பயிற்சி முடிந்து சொந்த ஊரில் போய்ப் பணியாற்றுவீர்களா என்பதைக் கூர்ந்து பார்க்கிறார்கள். அமெரிக்காவிலேயே தங்கிவிடும் எண்ணத்தை விண்ணப்பத்தில் கோடிட்டுக் காட்டுகிறவருக்கு அங்கே வேலை இல்லை.

ஒரு சிறு எச்சரிக்கை. அந்த ஊரில் கிட்டத்தட்ட ஒரே பெயரில் மூன்று பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இந்தப் பயிற்சி நடப்பது தனியார் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில். கலிபோர்னியா மாநில அரசின் ஆய்வுப் பல்கலைக்கழகமும் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகமும் வேறு வேறு. விண்ணப்பக் கட்டுரையில் தவறான பல்கலைக்கழகத்தின் ஆய்வகங்களைப் புகழ்ந்து எழுதினால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

இதன் குறை என்ன? இருபது இடம் என்பதே குறை. உலகம் முழுவதிலுமிருந்து போட்டி. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை முன்பே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க வெளியுறவுத் துறையே பணம் கொடுத்து நடத்தும் மாணவர் தலைவர்களுக்கான பயிற்சி இன்னொன்று. சூசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஏறக்குறைய ஐந்து வாரம். ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்பு, பிறகு வேறு ஊர்களுக்குக் கல்விப் பயணம். விண்ணப்பம் அந்தந்த நாட்டின் அமெரிக்கத் தூதரகம் வழியாகப் போகும். எந்த நாட்டுக்கு எந்தத் தலைப்பு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழ் மாணவர்களுக்கு, 2013-இல் ஒபாமா காலத்தில் தென்கிழக்காசிய இளைஞர்களுக்காகத் தொடங்கப்பட்ட வைசியாலி திட்டம் என்ற வழியும் இருந்துவந்திருக்கிறது. 18 முதல் 25 வயது வரையிலானவர்களுக்கு அதில் ஐந்து வாரப் பயிற்சி உண்டு.

தரத்தில் இவற்றைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் அரசின் கையில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அந்நாட்டின் பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதி திடீரென்று நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு மே இறுதியில் மாணவர், பரிமாற்றப் பயணி விசாக்களுக்குப் புதிய நேர்காணல் தேதிகள் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஜூனில் மீண்டும் திறந்தபோது விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும் என்றார்கள். ஜூலையில் தொடங்கும் பயிற்சிக்கு மே மாதத்தில் நேர்காணல் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அறக்கட்டளை கொடுத்தாலும் அரசு கொடுத்தாலும் அமெரிக்கப் பயிற்சிகளுக்கெல்லாம் இந்த விசாத் தலைவலி பொது. ஆனால் நிதியே நின்றுபோகும் கவலை அரசுத் திட்டத்தில் மட்டும் கூடுதல். ஆகவே இன்றைய நிலையில் சூசியை ஹான்சனுக்குக் கீழேதான் வைப்பேன். இன்னொன்றும் உண்டு. அரசுப் பணத்தில் பரிமாற்ற விசாவில் போய்வருகிறவர்கள், இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பிறகே அங்கே வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ பெற முடியும் என்ற விதி பொதுவாகப் பொருந்தும். அடுத்த ஆண்டு அங்கே முதுகலை படித்துவிட்டு வேலையில் சேரலாம் என்று திட்டமிட்டிருப்பவர் அந்த விதியைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் படிக்க வேண்டும்.

இனி ஐரோப்பா. எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரியாவின் ஆல்ப்பாக் மன்றம். அந்த விருப்பத்தை மறைக்கப்போவதில்லை. திரோல் மாநிலத்தில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள சிறிய மலைக் கிராமம். இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த 1945 ஆகஸ்டில், நாஜிகளை எதிர்த்த இயக்கத்தில் இருந்த ஓட்டோ மோல்டனும் மெய்யியல் ஆசிரியர் சைமன் மோசரும் சேர்ந்து அங்கே மாணவர்களையும் பேராசிரியர்களையும் கூட்டினார்கள். நகரங்கள் இடிந்து கிடந்த நேரம். கிராமத்தில் கூரையும் சாப்பாடும் இருந்தன. அன்று முதல் ஒவ்வோர் ஆகஸ்டிலும் கூடுகிறார்கள். மெய்யியலாளர் கார்ல் பாப்பர் அங்கே பலமுறை வந்து பேசியிருக்கிறார். குவாண்டம் இயற்பியலின் எர்வின் ஷ்ரோடிங்கருக்கு அந்த ஊர் அவ்வளவு பிடித்துப்போய், 1961-இல் இறந்தபோது அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தேவாலயக் கல்லறையில் அவருடைய சமன்பாட்டைப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கில் உதவித்தொகை உண்டு. எந்த நாட்டவரும் கேட்கலாம். ஹான்சனோடு ஒப்பிட்டால் இங்கே குழு மிகப் பெரியது. என் இரண்டாவது அளவுகோலில் மதிப்பெண் குறைகிறது. அதை ஈடுசெய்வது ஊரின் அளவு. ஒரே ஒரு கிராமம், ஒரே தெரு, நடந்து போகும் தூரத்தில் எல்லாம். காலையில் மேடையில் பேசிய அமைச்சரை மாலையில் ரொட்டிக்கடை வாசலில் பிடித்து, நீங்கள் சொன்னது எனக்கு ஒப்புதல் இல்லை என்று சொல்ல முடியும். பேச்சாளர் ஒருவரோடு சிறு குழுவாக உட்கார்ந்து பேசும் கணப்படுப்போரக் கூட்டங்கள் அங்கே பெயர்போனவை. நம் கல்லூரிகளில் சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்திக்கொண்டு, பேசி முடித்து, கேள்வி நேரத்துக்கு முன் காரில் ஏறிவிடுவார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த மாணவருக்கு ஆல்ப்பாக் கற்றுத் தரும் முதல் விஷயம், பெரிய மனிதரிடம் கூச்சமில்லாமல் மறுத்துப் பேசுவது. தலைமைப் பண்பு என்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

செலவில் கவனம் தேவை. உதவித்தொகை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பங்கேற்புக் கட்டணத்தை மட்டும் ஏற்கும் வகை உண்டு, தங்குமிடமும் சேர்ந்த வகை உண்டு. விமானக் கட்டணம் உங்கள் தலையில் விழலாம் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். மியூனிக்கிலோ இன்ஸ்புருக்கிலோ இறங்கி ரயிலில் பிரிக்ஸ்லெக் போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். ஆஸ்திரியா உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சென்னையிலேயே வேலை முடியும். அமெரிக்க விசாவோடு ஒப்பிட்டால் இது தாள்களின் சோதனைதான், நேர்காணல் பதற்றம் குறைவு. வங்கிக் கணக்கில் திடீரென்று வந்து விழுந்த பணம் மட்டும் சந்தேகத்தைக் கிளப்பும்.

முதுகலை படிக்கிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் கருத்தரங்கு கோடைக்காலப் பட்டியலில் வழக்கமாக வராது, ஏனென்றால் அது மே மாதத் தொடக்கத்தில் நடக்கிறது. நமக்கு அதுதான் கோடை விடுமுறை! 1968-இன் மாணவர் கிளர்ச்சிகளுக்குப் பிறகு, கல்லெறிவதற்குப் பதில் பேசலாம் என்று அங்குள்ள மாணவர்களே தொடங்கியது. இன்றும் மாணவர்களே நடத்துகிறார்கள். முதுகலை அல்லது அதற்கு மேல் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்து, சிறந்த கட்டுரைகளை எழுதியவர்களைப் பயணச் செலவு கொடுத்து அழைக்கிறார்கள். நாட்கள் மிகக் குறைவு. ஆனால் கையில் இருக்கும் பேனாவைத் தவிர வேறு முதலீடு தேவையில்லை.

விடுமுறை என்றதும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடை என்றால் ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. நம் கல்லூரிகளில் அது ஒற்றைப்படை செமஸ்டர் தொடங்கும் காலம். 75 விழுக்காடு வருகைப்பதிவு விதி இருக்கிறது. 90 வேலை நாள் கொண்ட செமஸ்டர் என்றால் 22 நாள் வரைதான் வராமல் இருக்கலாம். மூன்று வாரப் பயிற்சி பயண நாட்களோடு சேர்த்து அதில் 17, 18 நாளை விழுங்கிவிடும். பிறகு அக்டோபர் மழையில் ஒரு டெங்கு வந்தால் தேர்வு எழுத முடியாது. ஐந்து வாரப் பயிற்சி என்றால் டெங்குகூடத் தேவையில்லை. எனவே ஓ.டி., அதாவது வராத நாட்களையும் வந்ததாகக் கல்லூரி கணக்கில் எடுக்கும் அனுமதி, கிடைக்குமா என்பது விசா கிடைக்குமா என்பதற்குச் சமமான கேள்வி. கடைசி ஆண்டுத் தேர்வை ஏப்ரலில் முடித்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பல பயிற்சிகள் தற்போது படித்துக்கொண்டிருப்பவர் என்ற சான்றிதழைக் கேட்கும். இந்த இடத்தில் வயதை மட்டும் பார்க்கும் ஆல்ப்பாக் கைகொடுக்கும்.

இனிக் காசு கொடுத்துப் போகும் வகைகள். மூன்று விதமானவற்றைப் பார்க்கிறேன்.

லண்டன் பொருளாதாரப் பள்ளியின் கோடைப் பள்ளி 1989 முதல் நடக்கிறது. மூன்று வாரப் பாடம். ஒரு பாடத்துக்குக் கட்டணம் மட்டும் 2,000 பவுண்டுக்கு மேல், லண்டன் வாடகை தனி. மேலாண்மை, பேச்சுவார்த்தை, தலைமை சார்ந்த பாடங்கள் உண்டு. இதில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. உன்னைத் தலைவனாக்குகிறேன் என்ற பேச்சு இல்லை. பாடம் நடத்துகிறார்கள், தேர்வு வைக்கிறார்கள், மதிப்பெண் கொடுக்கிறார்கள். காசு கொடுத்தே தீருவது என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டால், மதிப்பெண் பட்டியலாவது மிஞ்சும் இந்த வகைக்குக் கொடுக்கலாம். அந்தப் பாடத்துக்கான கிரெடிட்டை நம் பல்கலைக்கழகம் ஏற்குமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹார்வர்டு மாணவர்கள் 1991-இல் தொடங்கிய ஆசியப் பன்னாட்டு உறவுகள் திட்டத்தின் மாநாடு இரண்டாவது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஓர் ஆசிய நகரம். சில நாட்கள், நூற்றுக்கணக்கானோர், பதிவுக் கட்டணம், விமானக் கட்டணம். தேவைப்படுகிறவர்களில் சிலருக்கு உதவி கிடைக்கும். நல்ல பேச்சுகளைக் கேட்கலாம், பல நாட்டு நண்பர்கள் கிடைப்பார்கள். நடத்துவது மாணவர் அமைப்பு. அங்கே போய்வருவதால் ஹார்வர்டில் படித்ததாக ஆகாது. தற்குறிப்பில் அப்படித் தோன்றும்படி எழுதுகிறவர்களை நேர்காணல் நடத்துகிறவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். என் இரண்டு அளவுகோல்களிலும் இது பின்தங்குகிறது.

மூன்றாவது ஐசெக். 1948-இல் போரில் சிதைந்த ஐரோப்பாவில் மாணவர்கள் தொடங்கிய அமைப்பு, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரம் வெளிநாட்டில் தன்னார்வப் பணி. அமைப்புக்கான கட்டணமும் பயணச் செலவும் உங்களுடையவை. முதல் அளவுகோலில் தோற்றாலும் இரண்டாவதில் இது மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. தெரியாத ஊரில், தெரியாத மொழியில், ஆறு வாரம் ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும். பக்கத்து நாடுகளுக்குப் போனால் செலவும் கட்டுக்குள் இருக்கும்; சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணிநேரம்தான். ஆனால் தரம் முழுவதும் அந்தந்த ஊர்க் கிளையைப் பொறுத்தது. அங்கேயும் பொறுப்பில் இருப்பவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள்தான். ஓர் ஊரில் கச்சிதமாக நடத்துவார்கள், இன்னோர் ஊரில் அழைத்துப்போக ஆளே வரமாட்டார்கள். சென்ற ஆண்டு அதே பணிக்குப் போய்வந்த இருவரிடமாவது பேசாமல் பணம் கட்டாதீர்கள். பணியையும் ஆராயுங்கள். ஆசிரியர் பயிற்சி எதுவும் இல்லாத ஒருவர் ஆறு வாரம் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போவதில் யாருக்கு நன்மை என்ற கேள்வியை நான் எப்போதும் கேட்பேன். கணக்கு எழுதுவது, தரவுகளை ஒழுங்குபடுத்துவது, விளம்பரத்தாள் வடிவமைப்பது என்று உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்த வேலை இருந்தால் போங்கள்.

இவற்றுக்கும் கீழே இன்னொரு வகை இருக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை. படிவம் நிரப்பிய இரண்டாம் நாளே, கடும் போட்டியில் நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள் என்று மின்னஞ்சல் வரும். ஒரு வாரத்துக்குள் கட்டணம் கட்டினால் சலுகை. நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் உள்ளே போகலாம் என்பது பெரிய எழுத்தில் இருக்கும். அந்தக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கலாம்.

இப்போது யாருக்கு எது என்று பார்ப்போம். ஊரிலோ கல்லூரியிலோ ஏதாவது ஒரு பணியை ஓராண்டாவது இழுத்துக்கட்டிச் செய்திருக்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர் ஹான்சனுக்கும் ஆல்ப்பாக்குக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். ஒன்று ஜூலை, மற்றது ஆகஸ்ட், ஒன்றையொன்று தடுக்காது. சட்டம், பொருளாதாரம், அறிவியல் கொள்கை என்று வாதம் செய்யப் பிடித்தவர் ஆல்ப்பாக்கை முதலில் வைக்கட்டும். முதுகலையில் இருப்பவர் செயின்ட் காலனைத் தவறவிட வேண்டாம். எதிலும் உதவித்தொகை கிடைக்காதவர், கையில் சேமிப்பு இருந்தால் மட்டும், அருகில் உள்ள நாட்டில் ஐசெக் பணியைப் பார்க்கலாம். நகையை அடகு வைத்தோ கடன் வாங்கியோ இவற்றில் எதற்கும் போகாதீர்கள். அந்தக் கடன் தரும் மன உளைச்சலுக்கு ஈடாக எந்தச் சான்றிதழும் வேலை வாங்கித் தராது.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு என் பரிந்துரை வேறு: இந்த ஆண்டு எங்கும் போக வேண்டாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து ஏழு நாள் சிறப்பு முகாமை ஒழுங்காக நடத்திப் பாருங்கள். பெரும்பாலானோர் அதை மதிப்பெண்ணுக்காகவும் புகைப்படத்துக்காகவும் கழிக்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் மேலே சொன்ன விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவில் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: நீ முன்நின்று செய்த ஒரு காரியத்தையும் அதில் வந்த சிக்கலையும் சொல். முகாமில் ஊர்க் குளத்தைத் தூர்வாரப் போய், கரையில் மாடு கட்டியிருந்தவரோடு தகராறாகி, ஊர்ப் பெரியவர்களிடம் பேசி ஒரு முடிவுக்கு வந்த கதை உங்களிடம் இருந்தால், அது இருபது சான்றிதழ்களைவிடத் தேர்வுக்குழுவுக்குப் பிடிக்கும். தலைமைக்குணம் பிறவியிலேயே என்னிடம் உண்டு என்று தொடங்கும் கட்டுரையை அவர்கள் ஆயிரம் தடவை படித்திருப்பார்கள்.

காலக்கணக்கு ஒன்றுதான் மிச்சம். ஜூலை, ஆகஸ்ட் பயிற்சிகளுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே திறந்து மூடிவிடும். தீபாவளிக்குள் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். காவல் துறைச் சரிபார்ப்பு விண்ணப்பத்தில் கொடுத்த முகவரியில்தான் நடக்கும் என்பதை விடுதி மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். பரிந்துரைக் கடிதத்தை டிசம்பரிலேயே கேளுங்கள். முதல்வரின் முத்திரை பதித்த கடிதம் வேண்டும் என்று அலையாதீர்கள். உங்களை வேலை செய்யப் பார்த்திருக்கும் உதவிப் பேராசிரியர் எழுதும் ஒரு பக்கம் அதைவிட எடை மிக்கது. ஓ.டி. அனுமதியையும் அதே டிசம்பரில் எழுத்தில் கேட்டு, பெற்றதற்கான கையொப்பத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் துறைத் தலைவர் விடைத்தாள் திருத்தும் பணியில் இருப்பார். உங்கள் கடிதம் அவர் மேசையில்தான் கிடக்கும்.